நீண்டகரையில் ஒரு நள்ளிரவு

ஆனி பிறந்து சாரல் தொடங்கிவிட்டால் தென்காசிக்கும் குற்றாலத்திற்கும் கொண்டாட்டக் காலம். பேரருவியில் நீர் ஆர்ப்பரிக்கும். உணவகங்களில் அடுப்பு அணையாது. ஆனால் அதே நாட்களில் கொல்லத்து மீன் மட்டும் எங்கள் பக்கம் வருவதில்லை. "அங்கே கடலைப் பூட்டிவிட்டார்கள், ஹஜ்ரத்" என்பார் எங்கள் தெரு மீன் வியாபாரி. கடலை எப்படிப் பூட்டுவார்கள் என்று மதரஸாப் பிள்ளைகள் என்னைத் துளைத்தெடுத்தனர். நேரில் பார்த்து வந்து சொல்வதென்று, சென்ற ஆண்டு ஜூலை 31 அன்று கொல்லத்திற்கு இரயிலேறினேன்.

1904இல் போடப்பட்ட பாதை; அகல இரயில் பாதையாக மாறி 2018இல் மீண்டும் திறக்கப்பட்டது. பகவதிபுரம் கடந்து குகைக்குள் நுழைந்து ஆரியங்காவில் வெளிப்பட்டால் மழையின் குணமே மாறிவிடுகிறது. அங்கே கொட்டித் தீர்த்தது போக மிஞ்சியதுதான் நமக்குச் சாரலாக வருகிறது!

கொல்லம், 14ஆம் நூற்றாண்டில் இப்னு பதூதா வந்திறங்கி, அதன் கடைவீதிகளையும் செல்வ வணிகர்களையும் வியந்து எழுதிய பட்டினம். அதற்குச் சற்று வடக்கே, அஷ்டமுடிக் காயல் கடலில் கலக்கும் முகத்துவாரத்தில் உள்ளது நீண்டகரை. நடுவே நெடும்பாலம், தென்கரையில் சக்திகுளங்கரை. 1953இல் தொடங்கிய நார்வே நாட்டு உதவித் திட்டத்தால் இயந்திரப் படகுகளும் பனிக்கட்டி ஆலையும் இங்கு வந்தன. பின்னர் இழுவலையும் இறால் ஏற்றுமதியும் பெருகின. படகு வைத்திருந்தோர் செழித்தனர். சிறு வள்ளங்களில் சென்றவர்களின் வலையோ வெறுமையாகத் திரும்பியது. அவர்கள் நடத்திய நெடிய போராட்டங்களுக்குப் பிறகே, 1988 முதல் மழைக்காலத்தில் இழுவலைப் படகுகளுக்குத் தடை வந்தது. இப்போது ஜூன் 9 நள்ளிரவு முதல் 52 நாட்கள். பாலத்தின் தூண்களுக்கிடையே இரும்புச் சங்கிலி கட்டிவிடுகிறார்கள். பூட்டு என்பது இதுதான்.

மாலையில் துறைமுகம் திருமண வீடு போலிருந்தது. பனிக்கட்டியும் டீசலும் ஏறிக்கொண்டிருந்தன. குமரி மாவட்டத் தொழிலாளி ஒருவர் தமிழ் கேட்டதும் அருகில் வந்தார். "52 நாளும் கடனில்தான் சாப்பிட்டோம், பாய்" என்றார். தடை தேவையா என்றேன். "தேவைதான். ஆனால் கரிக்காடி இறால் மழையில்தானே மேலே வருகிறது? அது போகிறதே என்று முதலாளிமார் புலம்புவார்கள்." சிறிது நேரம் வலையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "குஞ்சு மீனை அள்ளினால் நாளைக்கு எதை அள்ளுவது என்று எங்களுக்குத் தெரியாதா? வெறும் படகோடு திரும்பினால் டீசல் காசை யார் கொடுப்பது?" என்றார். 58 இனங்களுக்குக் குறைந்தபட்ச அளவை 2017இல் கேரள அரசு வரையறுத்திருக்கிறது. அந்த அளவுகோலைவிட டீசல் கணக்கே படகில் உரத்துப் பேசும் போலும்!

மீன் குறைவது வெறும் பேச்சன்று. நாம் சாளை என்று விரும்பி உண்ணும் மீன், கேரளத்தில் 2012இல் ஏறத்தாழ 4 இலட்சம் டன் கிடைத்தது. 2021இல் சுமார் 3,300 டன். கடலின் வெப்பமும் காரணம் என்கின்றனர் ஆய்வாளர்கள். ஆயினும் மனிதனின் பேராசையைக் கணக்கிலிருந்து நீக்கிவிட என் மனம் ஒப்பவில்லை. சக்திகுளங்கரையில் இறால் உரித்துக் கூலி பெறும் பெண்களுக்குப் படகு போனால்தான் அடுப்பெரியும். மீனே இல்லாத கடலுக்கு எத்தனை படகு போய் என்ன பயன்?

நள்ளிரவில் சங்கிலி அகன்றது. மணியோசையும் கூச்சலுமாகப் படகுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பாலத்தின் அடியில் நுழைந்து சென்றன. விளக்குகள் கருங்கடலில் சிதறி மறையும் வரை நின்றேன். மறுநாள் படகுகள் திரும்பத் தொடங்கியதும், ஏலக் கூச்சலுக்கிடையே இரண்டு கிலோ கிளிமீன் வாங்கிப் பனிக்கட்டியில் பொதிந்துகொண்டு ஊர் திரும்பினேன்.

தென்காசியில் சாரல் விடவில்லை. பிள்ளைகளிடம் சங்கிலியின் கதையைச் சொன்னேன். பின் வரிசைச் சிறுவன் ஒருவன் எழுந்து, "அப்படியென்றால் மீன்குஞ்சுகளுக்கு 52 நாள் விடுமுறையா, ஹஜ்ரத்? நமக்கு ஏன் இல்லை?" என்றான்.