லவெண்டர் மலரும் மலைகள்

பிரான்ஸ் தேசத்தின் தென்கிழக்கே, மத்தியதரைக் கடலுக்கும் அல்ப்ஸ் மலைத்தொடருக்கும் இடையே கிடப்பது புரொவான்ஸ் என்னும் பிரதேசம். சுண்ணக் கற்பாறையும், கடும் வெயிலும், ஓயாத காற்றும் அதன் இயல்பு. நீர்வளம் குன்றிய அதன் மேட்டு நிலங்கள் யூன் மாத இறுதியில் ஊதா நிறம் பூணத் தொடங்குகின்றன. கண்ணுக்கெட்டிய தூரம்வரை வரிசை வரிசையாக லவெண்டர்ச் செடிகள்! சவர்க்காரத்திலும் வாசனைத் திரவியத்திலும் நாம் முகர்ந்து பழகிய மணத்துக்குப் பெயர்போன நாடு இதுவேயாகும்.

கழுவுதல் எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து லவெண்டர் என்னும் பெயர் பிறந்தது என்பர். நம் முற்றத்துத் துளசியும் கற்பூரவள்ளியும் எந்தத் தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தனவோ, அதே குடும்பத்தைச் சேர்ந்ததே இச்செடியும். மார்செய் நகருக்கு எதிரேயுள்ள தீவுகளில் வளரும் இதன் இனமொன்று நெஞ்சு நோய்க்கு நல்லதென்று, கி.பி. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க வைத்தியர் தியோஸ்கோரிடிஸ் எழுதிவைத்தார். அவ்வினமே பின்னர் அரபு வைத்தியர்களின் கைக்கு வந்து, யூனானி மருத்துவத்தில் உஸ்துகுத்தூஸ் என்னும் பெயருடன் இன்றும் வழங்குகிறது.

இரண்டு செடிகள்

புரொவான்ஸுக்குச் செல்லும் பயணிகளுள் பெரும்பாலோர் முதலில் நாடுவது வாலென்சோல் என்னும் பீடபூமியை. படங்களில் நாம் காணும் பரந்த ஊதா வயல்கள் பல அங்கேயே உள்ளன. ஆயினும் அங்கே மிகுதியாக விளைவது அசல் லவெண்டர் அன்று. லவெண்டின் என்னும் கலப்பினம். மலை லவெண்டரும் தாழ்நிலத்து லவெண்டரும் கலந்து பிறந்த இச்செடி, விதையால் பெருகாது. கிளைகளை வெட்டி நட்டே இதனைப் பெருக்குகின்றனர். செடி பெரிது, விளைவும் பெரிது. ஒரு லீற்றர் எண்ணெய் வடிக்க இதில் நாற்பது கிலோ பூ ஏறக்குறையப் போதும். அசல் லவெண்டருக்கோ நூறு கிலோவுக்கு மேல் வேண்டும். ஆதலால், சவர்க்காரத்துக்கும் சலவைத் தூளுக்கும் மணமூட்டச் செல்வது பெரும்பாலும் லவெண்டின் எண்ணெயே. அதில் கற்பூரச் சத்து அதிகம்.

அசல் லவெண்டரைக் காண விரும்புவோர் இன்னும் மேலே ஏற வேண்டும். 1,900 மீற்றருக்கு மேல் உயர்ந்து நிற்கும் வாந்து மலையின் அயலிலே, ஸோ என்னும் சிற்றூரைச் சுற்றிய மேடுகளில் அது வளர்கிறது. ஒரு தண்டுக்கு ஒரு பூங்கதிர் என்பது அதன் அடையாளம். லவெண்டினின் தண்டிலோ பக்கக் கிளைகளிலும் கதிர்கள் தோன்றும். கடல் மட்டத்திலிருந்து 800 மீற்றருக்கு மேல் விளைந்த அசல் லவெண்டரின் எண்ணெய்க்கு, 1981இல் பிரெஞ்சு அரசு தனி உரிமைப் பெயர் வழங்கியது.

முற்காலத்தில் மலைவாசிகள் அரிவாளேந்திச் சென்று காட்டுச் செடிகளையே அறுத்து வந்தனர். இன்று இயந்திரம் அறுக்கிறது. ஆயினும் வடிக்கும் முறையின் அடிப்படை மாறவில்லை. பூக்களைப் பெரிய செப்பு அல்லது உருக்குக் கலத்தில் இட்டு நீராவி செலுத்துவர். ஆவி குளிர்ந்து நீராகும்போது எண்ணெய் மேலே மிதக்கும். எஞ்சிய நீரும், நமது பன்னீரைப் போல, மணமுள்ளதாகவே இருக்கும்.

வீட்டு மருந்து

அந்நாட்டு இல்லங்களில் உலர்ந்த பூவைத் துணிப்பையில் இட்டு, பூச்சி அணுகாதிருக்க உடுப்பு அலுமாரியில் வைப்பர். உறக்கம் வராதோர் தலையணைக்கு அருகே வைப்பதுமுண்டு. பூவைக் கொதிநீரில் ஊறவைத்துப் பருகுதலும், எண்ணெயைப் பூச்சிக்கடிக்குத் தடவுதலும் பழைய வழக்கங்கள்.

இவ்வழக்கத்தை ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துச் சென்றவர்களுள் ஒருவர் லியோன் நகரத்து இரசாயனியான ரெனே மோரிஸ் கட்டெபோசே. 1910இல் ஆய்வுக்கூட வெடிவிபத்தொன்றில் அவருடைய கைகள் வெந்து, புண் அழுகத் தொடங்கியது. லவெண்டர் எண்ணெயால் கழுவியதும் அழுகல் நின்றதாக அவரே பின்னர் எழுதினார். 1937இல் அவர் வெளியிட்ட நூலின் பெயரான 'அரோமதெரபி' என்னும் சொல், இன்று வாசனை மருத்துவத்துக்கே பெயராகிவிட்டது.

ஒருவருடைய அனுபவம் மட்டும் முடிவான சான்றாகாது. இன்றைய ஆய்வு, லினலூல், லினலைல் அசற்றேற் ஆகிய இரண்டையும் இவ்வெண்ணெயின் முக்கிய கூறுகளாகக் காண்கிறது. ஜேர்மனியில் 80 மில்லிகிராம் எண்ணெய் அடங்கிய மாத்திரையைக் கொடுத்து நடத்திய சோதனைகளில், மனப் பதற்றம் தணிந்ததாகக் கண்டனர். ஐரோப்பிய மருந்து முகவரகம் 2012இல், நெடுங்கால வழக்கை ஆதாரமாகக் கொண்டு, இலேசான மன உளைச்சலுக்கும் உறக்கத்துக்கும் லவெண்டரை ஏற்றுக்கொண்டது. பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அதனைப் பரிந்துரைக்கவில்லை.

எனவே குடும்பத்தினர் சிலவற்றை நினைவிற்கொள்ள வேண்டும். கடையில் வாங்கும் எண்ணெயைத் தாமாக அருந்தலாகாது. தோலில் தடவுவதாயின் தேங்காயெண்ணெய் போன்றதொன்றில் சில துளிகளே கலக்க வேண்டும். தீப்புண்ணுக்கு முதல் மருந்து குளிர்ந்த ஓடுநீர்; பெரிய புண்ணாயின் வைத்தியசாலையே கதி. போத்தலின் மேல் 'லவாந்துலா அங்குஸ்திபோலியா' என்னும் தாவரப் பெயர் உண்டா என்று பார்த்து வாங்குதல் நன்று. அசல் லவெண்டருக்குரிய பெயர் அதுவே.

அந்த அசல் செடிக்கே இன்று சோதனைக் காலம். தத்துப்பூச்சி இனமொன்று பரப்பும் நோயாலும், மழை பொய்த்த கோடைகளாலும், பல ஆண்டு நிற்க வேண்டிய செடிகள் சில ஆண்டுகளிலேயே பட்டுப்போகின்றன. விளைவு மிகுந்த லவெண்டினுக்கு மாறிய உழவர் பலர். மலைமேல் இன்னும் அசல் செடியை வளர்ப்போர், நோயற்ற கன்றுகளை நட்டும், வரிசைகளுக்கிடையே வேறு பயிர் விதைத்தும் அதனைக் காக்க முயல்கின்றனர். வாங்குவோர் இரண்டு செடிகளையும் வேறுபிரித்து அறிந்தால், அவர்களுடைய உழைப்புக்கு உரிய விலை கிடைக்கும்.