ஆறு மில்லிமீற்றர்

2018 ஆடி மாதம். லண்டனில் அப்போது புல்லெல்லாம் வைக்கோல் நிறத்துக்கு வந்திருந்தது. தெற்கு லண்டனில் ஒரு பெட்டிங் கடையில், கவுண்டர்க் கண்ணாடிக்குப் பின்னால் எனக்கு அது நான்காவது கோடை. குளிரூட்டி பழுது. வெளியே நிற்க முடியாத கிழவர்கள் உள்ளே வந்து, உள்ளேயும் இருக்க முடியாமல் கதவடியில் நின்றார்கள்.

ஐயா மட்டும் தன் வழக்கமான ஸ்டூலில் இருப்பார். உரும்பிராய்க்காரர். ஊரில் செம்மண் தோட்டத்தில் வெங்காயமும் புகையிலையும் போட்டவர். சண்டைக் காலத்தில் கொழும்புக்கு வந்து வெள்ளவத்தையில் ஓர் அறையில் இருந்தபோது, மத்தியானங்களில் புக்கிக் கடைக்குப் போகப் பழகினார். இலங்கையில் புக்கி என்றால் பெரும்பாலும் இங்கிலாந்துக் குதிரைதான். இங்கிலாந்தைக் கண்ணால் காணுமுன்பே டொங்காஸ்ரர், கெம்ப்டன், லிங்ஃபீல்ட் என்று மைதானப் பெயர்களெல்லாம் அவருக்கு மனப்பாடம். ‘ஹீத்ரோவில இறங்கேக்க எனக்குத் தெரிஞ்ச ஊரெல்லாம் குதிரை ஓடுற ஊர்தான் தம்பி’ என்பார்.

இரண்டு கண்ணிலும் புரை. திரையில் ஓடும் சின்ன எழுத்து அவருக்குப் புகை. அதனால் நான்தான் வாசித்துச் சொல்வேன். முதல் கேள்வி எப்போதும் தரையைப் பற்றித்தான். குதிரையும் ஜொக்கியும் அதற்குப் பிறகு.

பிரித்தானியாவில் பந்தயத் தரைக்கு ஏழு சொல் இருக்கிறது: ஹார்ட், ஃபேர்ம், குட் டு ஃபேர்ம், குட், குட் டு சொஃப்ட், சொஃப்ட், ஹெவி. கல்லுப் போல் இறுகினதிலிருந்து சேறு வரை. காலைத் தாழ வீசிப் புல்லைத் தடவிக்கொண்டு ஓடுகிற குதிரைக்கு இறுகின தரை வாய்க்கும். முழங்காலைத் தூக்கிக் குத்தி ஓடுகிறதற்கு ஈரம் பிடிக்கும். எந்த நிலத்தில் என்ன போட்டால் வரும் என்று ஆயுள் முழுக்கப் பார்த்த ஒரு தோட்டக்காரருக்கு இதைவிடப் பொருத்தமான சூதாட்டம் கிடையாது.

அவருக்குப் பிடித்த ஒரு குதிரை இருந்தது. பெயர் வேண்டாம். அது வென்றதெல்லாம் இறுகின தரையில். அந்த வறட்சியில், வடக்கே ஒரு மைதானத்தில் அதன் பெயர் வந்ததும், மகள் பிறந்தநாளுக்குக் கொடுத்த நூற்றைம்பது பவுணோடு வந்துவிட்டார். வழக்கமாக அவர் வைப்பது இரண்டு பவுண்.

‘தம்பி, தரை என்னவாம்? ஒருக்கா வாசிச்சுச் சொல்லும்.’

சுவரில் ரேசிங் போஸ்ட் பத்திரிகைப் பக்கம் குத்தியிருந்தது. நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காலையில் குத்தும்போது பார்த்த ஞாபகத்தில் சொன்னேன்: ‘குட் டு ஃபேர்ம், ஐயா.’

அந்தப் பக்கம் முதல்நாள் இரவு அச்சானது. பெட்டிங் கடையில் வேலைசெய்கிற எவருக்கும் இது தெரியும். அன்றைய நிலவரம் திரையில்தான் வரும். நான் திரையைப் பார்க்கவில்லை.

காசை எண்ணி எடுத்து, துண்டைக் கொடுத்துவிட்டேன். ஓட இன்னும் பதினொரு நிமிடம் இருக்கும்போது தற்செயலாகக் கண் மேலே போனது. அந்த மைதானத்தின் பெயருக்குக் கீழே: குட். இரவு ஆறு மில்லிமீற்றர் தண்ணீர் விடப்பட்டது.

ஐயா எனக்கு நேர்முன்னே கண்ணாடிக்கு அந்தப்பக்கம் நின்றார். நான் சொல்லியிருக்கலாம். வைத்த பந்தயத்தை மீளப்பெறுவது அவர் உரிமையில்லை என்றாலும், பிழை என்னுடையது, மனேஜரைக் கூப்பிட்டால் துண்டை ரத்துச் செய்திருப்பார். ஆனால் ஏன் என்று கேட்பார். முந்தின கிழமைதான் கல்லாவில் கணக்குக் குறைந்ததற்கு எனக்கு எழுத்தில் எச்சரிக்கை வந்திருந்தது. நான் சில்லறையை எண்ணத் தொடங்கினேன். எண்ணி முடிந்த சில்லறையை மறுபடி கொட்டி எண்ணினேன்.

ஒன்பதில் ஏழாவதாக வந்தது.

பந்தயம் முடிந்து தொலைக்காட்சியில் யாரோ தண்ணீர் விட்டதைப் பற்றிச் சொன்னது ஐயாவின் காதில் விழுந்தது. துண்டைக் கிழிக்காமல் நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். ‘தண்ணி விட்டுப் பழுதாக்கிப்போட்டாங்கள் தம்பி. மழைத் தண்ணி வேற, இறைச்ச தண்ணி வேற. இவங்களுக்கு அது விளங்காது.’

‘ஓம் ஐயா, பகல் கொள்ளை’ என்றேன்.

கவனக்குறைவு, கோழைத்தனம் எல்லாம் அதற்கு முந்திய கணக்கு. எனக்கு இன்றைக்கும் உறுத்துவது அந்த ‘ஓம்’.

அதன்பிறகு நடந்தது விசித்திரம். நான் தண்ணீருக்கு எதிரியாகிவிட்டேன். வேடத்துக்காக அல்ல, உண்மையாகவே. தேநீர் குடிக்கப் போகிற இடமெல்லாம் அதே பேச்சு. கடையின் வெள்ளைக்காரக் கிழவர்களோடு சேர்ந்து மைதான அதிகாரிகளைத் திட்டினேன். ஆதாரம் தேடத் தேட, ஆதாரம் கிடைத்துக்கொண்டே இருந்தது என்பதுதான் சிக்கல். மிடில்ஹாமில் அப்போது குதிரைப் பயிற்சியாளராக இருந்த மார்க் ஜோன்ஸ்ரன், மிருக வைத்தியர், இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கான பந்தயங்களை வென்றவர், தண்ணீர் விடுவதைப் பகிரங்கமாக எதிர்த்து வந்தவர். அவர் பேச்சை எடுத்துவிட்டால் எனக்கு நேரம் போவது தெரியாது.

வாதங்களும் லேசானவை அல்ல. இறைத்த தண்ணீர் சமமாய் விழாது. காற்று அடித்தால் சாரல் ஒருபக்கம் ஒதுங்கும். பாதையின் ஒரு கரை இறுகியும் மற்றக் கரை இளகியும் கிடந்தால், எந்தக் கூண்டிலிருந்து குதிரை புறப்படுகிறது என்பதே பாதி முடிவாகிவிடும். மேலே மட்டும் நனைந்து அடியில் இறுகிக் கிடக்கும் தரையைப் ‘பொய்த்தரை’ என்பார்கள். குளம்பு பிடிக்கும் என்று நம்பி ஊன்றினால் மேற்பரப்பு பெயரும். அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் புல்லின் வேர் கீழே இறங்காமல் மேலேயே நின்றுவிடும். வெங்காயப் பாத்தியில் ஐயா கண்டதும் அதுதான். இன்னொன்று, தடை தாண்டாத தட்டைப் பந்தயத்துக்கு 2006இலிருந்து நாற்பத்தெட்டு மணித்தியாலத்துக்கு முன்பே குதிரையை உறுதிப்படுத்த வேண்டும். இறுகின தரை என்று நம்பி உறுதிப்படுத்தியபின் குழாயைத் திறந்தால், குதிரைக்காரனை ஏமாற்றியதுபோல்தான்.

2022 பங்குனியில் செல்ட்னம் குதிரைப் பந்தய விழா என் கட்சிக்குப் பெரிய விருந்து. மைதானத்துக்குத் தண்ணீர் விட்டிருந்தார்கள். இரண்டாம் நாள் எதிர்பார்த்ததைவிட மழை கொட்டித் தள்ளித் தரை சேறாகிவிட்டது. சம்பியன் சேஸ் பந்தயத்தில் எல்லோரும் பார்த்திருந்த ஷிஷ்கின் பாதியில் நிறுத்தப்பட்டது, எனர்ஜுமீன் வென்றது. ஷிஷ்கினுக்கு அன்று வேறு என்ன குறை இருந்ததோ, எனக்கு அக்கறையில்லை. தண்ணீர், தண்ணீர் என்று கூவினேன்.

ஒரு நாள் வேலைவெட்டி இல்லாமல் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு ஹெக்டேயருக்கு, ஊர்க் கணக்கில் சுமார் நாற்பது பரப்புக்கு, ஒரு மில்லிமீற்றர் என்றால் பத்தாயிரம் லீற்றர். ஓடுபாதை பன்னிரண்டு ஹெக்டேயர் என்று வைத்துக்கொண்டால், ஆறு மில்லிமீற்றருக்கு ஏழு லட்சத்து இருபதாயிரம் லீற்றர். அவ்வளவு தண்ணீருக்கு அடியில் ஒரு சின்ன மௌனத்தை ஒளித்துவைப்பது சுலபம்.

பிறகு ஐயாவுக்குக் கண்ணில் சத்திரசிகிச்சை நடந்தது. நான் கடையை விட்டு வேறு வேலைக்குப் போய்விட்டேன். 2023 ஆனியில், எப்சம் டெர்பி முடிந்து சில நாளில், அவர் தொலைபேசியில் கூப்பிட்டார். எப்சத்தில் புல்லைக் காலால் மிதித்துப் பார்க்க வேண்டுமாம். எப்சம் டவுன்ஸ் பொதுமக்கள் நடக்கிற மேடு, சீட்டு வேண்டாம். மகளிடம் சொல்லி, காரில் கூட்டிப்போனேன்.

அங்கே சக்கரத்தில் சுற்றிய நீள ரப்பர்க் குழாயை ஒருவர் சரிபார்த்துக்கொண்டிருந்தார். வெயிலில் சிவந்த கழுத்து, முழங்கால்வரை புல்லுத் தூள். மைதானத்தில் வேலைசெய்கிறவர். ஐயா கைத்தடியை ஊன்றிக்கொண்டு நேரே அவரிடம் போனார். ‘தம்பி, நான் கேக்கிறதை அவருக்குச் சொல்லும்.’

எனக்கு மொழிபெயர்ப்பு வேலை. எத்தனை நாளைக்கு ஒருமுறை? இரவிலா காலையிலா? காற்று அடித்தால் என்ன செய்வீர்கள்? வேர் எவ்வளவு ஆழம்? அந்த மனிதர் முதலில் சிரித்தார். மூன்றாவது கேள்வியில் குழாயைக் கீழே வைத்துவிட்டார்.

பழைய நாளில் மைதானப் பொறுப்பாளர் தடியாலும் குதிகாலாலும் குத்திப் பார்த்துத்தான் தரையைச் சொல்வாராம். இப்போது ‘கோயிங் ஸ்ரிக்’ என்று ஒரு கருவி. மண்ணில் குத்தி, பிறகு பிடியைச் சாய்க்க வேண்டும். இறங்க எவ்வளவு பலம், கிழிய எவ்வளவு பலம் என்று இரண்டையும் அளந்து ஒரே எண்ணாகச் சொல்லும். எண் கூடினால் தரை இறுக்கம். ஆனாலும் தன் குதிகாலைத்தான் முதலில் நம்புவேன் என்றார். ஐயாவுக்கு அது பிடித்தது.

ஏன் விடுகிறீர்கள் என்பதற்கு அவர் நீளமாகப் பதில் சொன்னார். விடாவிட்டால் பயிற்சியாளர்கள் குதிரையை அனுப்பமாட்டார்கள், கால் போய்விடும் என்று. எட்டுக் குதிரைக்குக் குறைந்தால், வெற்றிக்கும் இடத்துக்கும் சேர்த்து வைக்கிற ஈச்-வே பந்தயத்தில் மூன்றாம் இடத்துக்குக் காசு இல்லை. மக்கள் பந்தயம் வைப்பது குறையும், பந்தயக் காசிலிருந்து விளையாட்டுக்கு வரும் பங்கும் குறையும். பெட்டிங் கடையில் நான்கு வருடம் நின்ற எனக்கு இது தெரியாததல்ல. திட்டும்போது வசதியாக மறந்திருந்தேன். கட்டுப்பாட்டுச் சபையே தட்டைப் பந்தயத்துக்குக் குட் டு ஃபேர்ம், தடை தாண்டுவதற்குக் குட் என்று இலக்கு வைத்திருக்கிறது. வெயில் காலத்தில் குழாய் இல்லாமல் அந்த இலக்குக்கு எப்படிப் போவது?

அவர் பேசும்போது எனக்கு 2011 கிரான்ட் நஷனல் ஞாபகம் வந்தது. சித்திரையில் கொளுத்திய வெயில், வேகமான தரை. பலபிரிக்ஸ் வென்றதும் ஜொக்கி உடனே இறங்கிவிட்டார், குதிரைகளுக்கு வாளிவாளியாகத் தண்ணீர் ஊற்றினார்கள். இரண்டு குதிரைகள் செத்தன. அவை கிடந்த தடைகளைச் சுற்றிக்கொண்டு மற்றவை ஓடியதை உலகமே பார்த்தது. தரையை ஈரமாக வைத்து வேகத்தைக் குறை என்று அதன்பிறகு எழுந்த குரலை எவரும் மறுக்க முடியாது. அடுத்த வருடம் தரை இளகித்தான் இருந்தது, அப்போதும் இரண்டு செத்தன. தண்ணீர் விட்டால் எல்லாம் சரி என்கிறவர்களையும் அதனால் என்னால் முழுதாக நம்ப முடியவில்லை. இப்போதும் நான் பாதி ஜோன்ஸ்ரன் கட்சிதான். புல் சாகாமல் இருக்கத் தண்ணீர் விடு, பந்தயத்தை உன் விருப்பத்துக்கு வளைக்க விடாதே.

ஐயா கடைசிக் கேள்வியைக் கேட்டார். ‘ஒருத்தருக்கும் தெரியாமல் இரவில விட்டுப்போட்டு இருக்கிறதுதானே பிழை? அதைக் கேளும்.’

கேட்டேன். அந்த மனிதருக்கு முகம் சுருங்கியது. தெரியாமலா? ஒவ்வொரு மில்லிமீற்றரையும் நாங்கள் அறிவிக்க வேண்டும். காலையிலேயே எல்லாப் பெட்டிங் கடைக்கும் போய்விடும். வாசிக்காமல் விட்டால் அது என் பிழையா?

ஐயா என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். இப்போது அவர் கண் நன்றாகத் தெரிகிற கண்.

மொழிபெயர்ப்பாளனுக்கு ஒரு வசதி உண்டு, எதையும் விழுங்கலாம். நான் சொல்லைச் சொல்லாக, ஒன்றும் விடாமல் சொன்னேன். பிறகு, அந்த மனிதர் குழாயிடம் திரும்பிப் போனபின், மிச்சத்தையும் சொன்னேன். சுவரில் குத்தியிருந்த பக்கம், திரை, ஆறு மில்லிமீற்றர், சில்லறை.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

‘எத்தினை நிமிசம் இருந்தது?’

‘பதினொண்டு, ஐயா.’

‘நான் அண்டைக்கு ஒரு இடமும் போகேல்லை. உமக்கு முன்னாலதான் நிண்டனான்.’

அதற்கு என்ன சொல்வது? காசைத் திருப்பித் தருகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். கையால் தட்டிவிட்டார். கைத்தடியின் நுனியைப் புல்லில் வைத்து, பாரத்தைப் போட்டு அழுத்தினார். தடி ஒரு விரல்கடை இறங்கியது. எடுத்து, நுனியில் ஒட்டிய மண்ணைப் பெருவிரலால் தேய்த்து மணந்து பார்த்தார். வெள்ளைச் சுண்ணாம்புப் பொடி கலந்த மண். நாலு அடி தள்ளிப்போய் இன்னொரு இடத்தில் குத்தினார். ஒன்றும் சொல்லவில்லை.

காரில் ஏறி வார்ப்பட்டியைப் போட்டுவிட்டு, அவரே தொடங்கினார்.

‘இண்டைக்குப் பின்னேரம் எங்கையாவது ஓடுதோ?’

பின்சீற்றில் அன்றைய ரேசிங் போஸ்ட் கிடந்தது. கையை நீட்டினேன்.

‘பேப்பர் வேண்டாம்’ என்றார். ‘போனில பாத்துச் சொல்லும்.’