கையால் கட்டிய குடில்

துக்க வீட்டிற்குச் செல்லும்போதெல்லாம் நாம் ஒன்றைக் கவனிப்பதுண்டு. இறந்தவர் எவ்வளவு சேர்த்து வைத்தார் என்னும் பேச்சு அடக்கம் முடிந்த பிறகுதான் தொடங்கும். அதற்கு முன்னால், உடல் நடுக்கூடத்தில் கிடக்கும் வேளையில், மக்கள் பேசுவது வேறு. "இந்தத் தொட்டில் அவர் கட்டியது", "இந்த வேலி அவர் போட்டது" என்று அவரது கை செய்தவற்றையே சுட்டிக் காட்டுவார்கள்.

திருத்தூதர் பணிகள் நூலின் ஒன்பதாம் அதிகாரத்திலும் இத்தகைய ஒரு துக்க வீட்டைக் காண்கிறோம். யோப்பா நகரில் தபித்தா என்னும் பெண் சீடர் இறந்துவிட்டார். பேதுருவை அழைத்து வருகிறார்கள். அவர் மாடியறைக்குள் நுழைந்ததும் கைம்பெண்கள் அழுதுகொண்டே அவரைச் சூழ்ந்து நின்று, தபித்தா தங்களோடு இருந்தபோது செய்து கொடுத்த அங்கிகளையும் ஆடைகளையும் காட்டுகிறார்கள். குருமடத்தில் இப்பகுதியைப் பயின்றபோது பேதுரு செய்த அருஞ்செயலே நம் கருத்தை ஈர்த்தது. தேர்விலும் அதையே எழுதினோம். அந்த அங்கிகள் நம் கண்ணில் படவே இல்லை. அவற்றைக் காண நமக்கு ஒரு மூதாட்டியின் மரணம் தேவைப்பட்டது.

பாகூர் கொம்யூனைப் புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்பர். ஏரி நிரம்பினால் கண்ணுக்கெட்டிய தூரம் பச்சை; அறுவடை முடிந்தால் வீட்டுக்கு வீடு வைக்கோற்போர். அப்பகுதியில் நம் பொறுப்பிலிருந்த சிற்றூர் ஒன்றில் ஒரு சிற்றாலயம் உண்டு. ஊரார் அனைவருக்கும் 'பாட்டி' என்றே வழங்கிய ஒரு மூதாட்டி, திருவருகைக் காலம் தொடங்கியதும் அதன் திண்ணையில் வந்து அமர்வார். சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள். மூங்கில் பத்தையைச் சீவி நட்சத்திரம் கட்டுவதும், வைக்கோல் வேய்ந்து குடில் அமைப்பதும் பத்துப் பதினைந்து மாலைகளுக்கு நீளும். குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்திய மாலையிலும் அப்படியே. தென்னங்குருத்து மலைபோல் குவிந்திருக்க, ஊர் முழுவதற்கும் சிலுவைகள் உருவாகும்.

2021-ஆம் ஆண்டு நாம் அப்பங்கிற்குப் பொறுப்பேற்றோம். கொரோனா அடங்கிய பின் வந்த அந்தக் கிறிஸ்து பிறப்பு விழாவைச் சிறப்பாகக் கொண்டாட வேண்டும் என்னும் ஆர்வம் நமக்கு. நகரத்திற்குச் சென்று ஆயத்தக் குடில் ஒன்றை வாங்கி வந்தோம். தெர்மாகோல் குன்று, நெகிழியில் வார்த்த உருவங்கள், வெண்பனி தூவிய ஊசியிலை மரம், மின்னி மின்னி அணையும் நட்சத்திரம். மார்கழிப் பனியை அன்றி வேறு பனியை அறியாத பாகூருக்கு உறைபனியை விலை கொடுத்து வாங்கினோம்! "இனி உங்களுக்குச் சிரமம் வேண்டாம் பாட்டி" என்று அம்மூதாட்டியிடம் அன்போடுதான் சொன்னோம்.

அவர் சற்று நேரம் பேசாமல் நின்றார். "சரிங்க சாமி. அப்ப புள்ளைங்களுக்கு என்ன வேலை?" என்றார்.

அதை விடை வேண்டாத கேள்வியாக எடுத்துக்கொண்டோம். அவ்வாண்டு குடில் அரை மணி நேரத்தில் அமைந்துவிட்டது. பிள்ளைகள் வந்தார்கள், பார்த்தார்கள், போனார்கள். அடுத்து வந்த குருத்தோலை ஞாயிற்றுக்கும் ஓலைகளை மடிக்காமல் அப்படியே கட்டுக்கட்டாக வழங்கினோம். பாட்டி அதன்பின் திண்ணைக்கு வரவில்லை. வயதாகிவிட்டது என்று நாமே ஒரு காரணத்தைக் கற்பித்துக்கொண்டோம்.

2024-ஆம் ஆண்டு பொங்கல் கழிந்த சில நாள்களில் அவர் இறைவனடி சேர்ந்தார். வழிபாடு நடத்தச் சென்ற நம்மிடம் அவ்வீட்டார் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார்கள். வெங்காயமும் மிளகாயும் வைத்திருந்த காகிதக்கூழ்க் கூடை; பேரக் குழந்தைகள் அனைவரும் படுத்துறங்கிய பழஞ்சேலை விரிப்பு. கடைசியாக, திருஇருதயப் படத்தின் பின்னாலிருந்து பழுப்பேறிய ஓலைச் சிலுவை ஒன்றை அவருடைய மகள் உருவி எடுத்தார். "போன வருசம் அம்மா வீட்டுலேயே உக்காந்து முடைஞ்சது சாமி. இதைச் சாம்பலுக்குக் குடுக்க மனசு வரலை" என்றார். யோப்பாவின் மாடியறையில் நிற்பதாகவே உணர்ந்தோம். ஒரு வேறுபாடு உண்டு. பேதுரு அங்கே உயிர் கொடுக்கச் சென்றார். நாமோ ஒரு கைவேலையை முடித்து வைத்தவராக நின்றோம்.

அந்த மூன்று பொருள்களும் எவ்வாறு செய்யப்பட்டன என்பதைப் பின்னர்க் கேட்டறிந்தோம். வாசகர்தம் இல்லங்களுக்கும் பயன்படக்கூடும் என்பதால் இங்குத் தருகிறோம்.

கூடைக்குத் தேவையானவை பழைய செய்தித்தாளும் ஒரு பிடி வெந்தயமும் மட்டுமே. தாளைச் சிறு துண்டுகளாகக் கிழித்து இரண்டு மூன்று நாள்கள் நீரில் ஊறவைக்க வேண்டும். பிறகு நீரைப் பிழிந்து, ஊறிய வெந்தயத்தோடு சேர்த்து உரலில் இடித்தால் பசையுள்ள கூழாகும். ஒரு பானையைக் கவிழ்த்து, அதன்மேல் ஈரத்துணி போர்த்தி, கூழை ஒரே கனமாக அப்பி வெயிலில் காயவிட வேண்டும். நன்றாக உலர்ந்தபின் பானையை உருவிவிட்டால் கூடை நிற்கும். ஈரமில்லாத பொருள்களை மட்டுமே அதில் வைக்கலாம். நம் தாய்மார்கள் தொன்றுதொட்டு அறிந்த இக்கலையின் நுட்பமான வடிவமே திருக்கனூரின் காகிதக்கூழ்க் கைவினை. அதற்கும் வில்லியனூரின் சுடுமண் கைவினைக்கும் இன்று புவிசார் குறியீடு கிடைத்துள்ளது. வில்லியனூர் மண்ணைக் கலையாக்கிய வி.கே. முனுசாமி அவர்களுக்கு 2020-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டதையும் நாம் அறிவோம்.

விரிப்புக்கு வேண்டியவை நைந்த பருத்திச் சேலைகள். நான்கு மடிப்பாக விரித்து, ஓரங்களை உள்ளே மடக்கி, விரல் அகல இடைவெளியில் நெடுகத் தையலிட்டுக்கொண்டே போனால் போதும். புதுத்துணியில் செய்வதைவிடப் பழந்துணியில் செய்வதே மேல். பலமுறை துவைத்த துணிக்குள்ள மென்மை புதுத்துணிக்கு ஏது?

ஓலைச் சிலுவைக்குச் செலவே இல்லை. குருத்தோலையின் நடுவிலுள்ள ஈர்க்கை உருவினால் இரண்டு நாடாக்கள் கிடைக்கும். ஒன்றை நெடுகவும் மற்றொன்றைக் குறுக்கவும் வைத்து, நடுவில் மாற்றி மாற்றி மடித்துச் செருகி இழுத்தால் சிலுவை இறுகி நிற்கும். பசையும் இல்லை, முடிச்சும் இல்லை. இப்படிச் சொல்வது எளிது. எந்த மடிப்பு முதலில், எது எதற்குள் நுழைய வேண்டும் என்பதைக் கை அறிந்திருக்க வேண்டும்.

அந்த அறிவுதான் நம் ஊரில் இல்லாது போயிற்று. அவ்வாண்டு குருத்தோலை ஞாயிறு மார்ச் 24-ஆம் நாள் வந்தது. முந்திய மாலை பிள்ளைகளை மறுபடியும் திண்ணைக்கு அழைத்தோம். குருத்தோலைகள் இருந்தன; பிள்ளைகள் இருந்தனர்; மடிக்கத் தெரிந்தவர் எவருமில்லை. பாட்டியின் மகளும் முயன்று பார்த்தார். பாதியில் கை நின்றது. "அம்மா பண்றதைப் பாத்திருக்கேன் சாமி. பண்ணதில்லை" என்றார்.

பிறகு அவர் வீட்டிற்குச் சென்று, தாயின் கடைசிச் சிலுவையைக் கொண்டு வந்தார். ஒரு கிண்ணம் நீரில் அதை ஊறவிட்டார். காய்ந்த ஓலை மெல்ல இளகியது. நடு முடிச்சை ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்தார். நாம் மூச்சை அடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தோம். முழுவதும் பிரிந்தபோது கையில் இருந்தவை இரண்டு ஓலை நாடாக்கள் மட்டுமே. ஆனால் அவற்றில் பாட்டியின் விரல்கள் அழுத்திய தடங்கள் வரிசையாகத் தெரிந்தன. அத்தடங்களின் வழியே திரும்ப மடித்துக்கொண்டு வந்தார். சிலுவை மீண்டும் உருவாயிற்று. இரவு பத்து மணிக்குள் பிள்ளைகளில் ஐந்து பேர் கற்றுக்கொண்டார்கள். ஆறாவதாக நாமும் கற்றோம்.

இறைவன் தம் ஆவியால் ஒருவரை நிரப்பினார் என்று விவிலியம் சொல்லும்போது நாம் இறைவாக்கினரையே எண்ணுகிறோம். ஆனால் விடுதலைப் பயணம் நூலின் 31-ஆம் அதிகாரத்தில் அவ்வாறு நிரப்பப்பட்டவர் பெட்சலேல் என்னும் கைவினைஞர் அன்றோ! பொன்னையும் மரத்தையும் வடிவமைக்கும் திறமை அங்கே ஆவியாரின் கொடையாகப் பேசப்படுகிறது. ஆண்டவர் இயேசுவும் போதிக்கத் தொடங்குமுன் தச்சராகவே ஊராரால் அறியப்பட்டார். கைவேலை இறைவேண்டலுக்கு இடையூறு அன்று; பல வேளைகளில் அதன் வாயில்.

இதை எழுதும்போது ஒரு சகோதரியின் முகமும் நினைவுக்கு வருகிறது. மறையுரையில் இவற்றைச் சொன்ன அன்று அவர் வந்து, "காலையில நடவுக்குப் போயிட்டு இருட்டினப்புறம் வீட்டுக்கு வர்றேன் சாமி. கூடை முடைய எனக்கு நேரம் ஏது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஏழைகள் வாங்க முடியாததால்தான் பலவற்றைக் கையால் செய்தார்கள்; அந்த வறுமையைப் போற்றுவது நம் நோக்கமன்று. எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்ய வேண்டும் என்று எவர்மேலும் சுமை ஏற்றவும் மாட்டோம். ஆண்டுக்கு ஒரு பொருள், பிள்ளைகளோடு சேர்ந்து, ஒரு மாலை நேரம். இவ்வளவே நம் வேண்டுகோள். வீட்டில் செய்ய இயலாததை அயலாரின் கையிலிருந்து வாங்குவோம். அதுவும் கைவேலையைக் காக்கும் வழியே.

1223-ஆம் ஆண்டு இத்தாலியின் கிரேச்சோ என்னும் சிற்றூரில் அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் அமைத்த குடிலில் என்ன இருந்தது? ஒரு தீவனத் தொட்டி, வைக்கோல், ஒரு மாடு, ஒரு கழுதை. உருவச்சிலைகள் எவையும் இல்லை. ஊரில் கிடைத்தவை கொண்டு ஊரார் கூடி அமைத்த குடில் அது. அதே கிரேச்சோவில்தான் 2019 டிசம்பர் முதல் நாள், மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் குடிலைப் பற்றிய தம் திருமடலில் கையொப்பமிட்டார். பெற்றோரிடமிருந்தும் தாத்தா பாட்டியரிடமிருந்தும் பிள்ளைகள் பெற்றுக்கொள்ளும் இவ்வழக்கம் தொடர வேண்டும், விடுபட்ட இடத்தில் மீண்டும் உயிர்பெற வேண்டும் என்பது அம்மடலின் விருப்பம்.

அவ்விருப்பத்தை 2024 திருவருகைக் காலத்தில் நம் ஊரில் நிறைவேற்ற முயன்றோம். தெர்மாகோல் அலங்காரத்திற்கு 2022 ஜூலை முதல் நாடெங்கும் தடை உள்ளது. ஆகவே குன்றைக் காகிதக்கூழால் அமைத்தோம். வைக்கோல் ஒரு விவசாயி தந்தது. சூசையப்பர், அன்னை மரியா, குழந்தை இயேசு ஆகிய சுடுமண் உருவங்களை மட்டும் வில்லியனூர்ப் பக்கத்துக் குயவர் ஒருவரிடம் வாங்கினோம். நட்சத்திரத்திற்கு ஒரே நீளமுள்ள பத்து மூங்கில் பத்தைகள். ஐந்தைந்தாகக் கட்டி இரண்டு நட்சத்திரங்களாக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஐந்து முனைகளையும் இறுக்கிக் கட்டினோம். உள்மூலைகள் ஐந்திலும் சாண் நீளக் குச்சிகளை நிறுத்தியதும் அது புடைத்து எழுந்தது. மைதாப் பசையால் வண்ணத்தாள் ஒட்டி, உள்ளே ஒரு மின்விளக்கை வைத்தோம். தூக்கிக் கட்டியபோது ஒரு முனை சாய்ந்திருந்தது. "சாமி, கோணல் உங்க பக்கந்தான்" என்றான் ஒரு சிறுவன். உண்மைதான். வாங்கிய பழைய குடில் ஆலயப் பொருள் அறையின் பரணில் கிடக்கிறது. பதினாறு மாலைகள் பிள்ளைகளுக்கு வேலை இருந்தது. பாட்டி கேட்ட கேள்விக்கு மூன்று ஆண்டுகள் தாமதமாக நாம் தந்த விடை அது.

2025-ஆம் ஆண்டு திருநீற்றுப் புதனுக்கு முந்திய ஞாயிறு, பழைய குருத்தோலைகளைச் சேகரிக்கும் கூடையை ஆலய வாயிலில் வைத்திருந்தோம். பாட்டியின் மகள் வந்தார். தாயின் கடைசிச் சிலுவையைக் கூடைக்குள் வைத்தார். நாம் வியப்போடு அவரைப் பார்த்தோம்.

"இருக்கட்டும் சாமி" என்றார். "இப்பத்தான் எங்களுக்கே பண்ணத் தெரியுமே."

அந்தச் சாம்பலை அவ்வாண்டு முதலில் நம் நெற்றியில் பூசிக்கொண்டோம்.