தந்தையாருக்கு ஒரு பக்கம்

எமது தந்தையார் ஓர் அண்ணாவியார். வலிகாமத்துக் கிராமமொன்றில் நாற்பது ஆண்டுகள் காத்தவராயன் கூத்தைப் பழக்கி மேடையேற்றியவர். விடியும் வேளையில் காத்தவராயன் கழுமரமேறும் காட்சியைக் காண்பதற்காக, இரவு முழுவதும் பாய் விரித்துக் கண்விழித்திருந்த சனங்களைச் சிறு வயதில் நாம் கண்டிருக்கிறோம். 1987ஆம் ஆண்டில் அவர் காலமானார்.

பல்கலைக்கழகத்திற் கற்கும் எமது மகள், ஓய்வு நேரத்தில் தமிழ் விக்கிப்பீடியாவுக்குக் கட்டுரை எழுதுபவள். விடுமுறையில் வீட்டுக்கு வந்திருந்தபோது ஒரு நாள், “அம்மப்பாவைப் பற்றியும் ஒரு கட்டுரை எழுதிவிடு, பிள்ளை” என்றோம். மகிழ்ச்சியோடு எழுதத் தொடங்குவாள் என்றே எண்ணினோம். அவளோ, “அம்மப்பாவைப் பற்றி வேறு யார் எழுதியிருக்கிறார்கள், அம்மா?” என்று கேட்டாள்.

எமக்குச் சற்றே கோபம் வந்தது. ஊரறிந்த மனிதருக்குச் சாட்சி தேடுவதா? “அம்மப்பா பெரியவரா இல்லையா என்பதன்று கேள்வி” என்று அவள் பொறுமையாக விளக்கினாள். உறவினரல்லாத, நம்பத்தக்க எழுத்தாளர்கள் புத்தகத்திலோ பத்திரிகையிலோ ஆய்விலோ அவரைப் பற்றி விரிவாக எழுதியிருக்கவேண்டும். இரண்டொரு வரியிற் பெயர் வந்திருந்தால் மட்டும் போதாது. கலைக்களஞ்சியம் புதிதாக ஒன்றைச் சொல்லும் இடமன்று. பிறர் ஆராய்ந்து சொன்னவற்றைத் தொகுத்து வைக்கும் இடம். ஒருவருக்குத் தனிக் கட்டுரை வேண்டுமா, அல்லது ஊரைப் பற்றிய கட்டுரையில் ஒரு பந்தி போதுமா என்பதையும் கிடைக்கும் சான்றுகளே தீர்மானிக்கும் என்றாள்.

அக்காலத்தில் இவ்வாறு இருந்ததில்லையே என்று வாதாடினோம். மானிப்பாய் ஆ. முத்துத்தம்பிப்பிள்ளை 1902ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தில் வெளியிட்ட ‘அபிதானகோசம்’ தமிழிலே தோன்றிய முதற் கலைக்களஞ்சியமாகப் போற்றப்படுவது. எது சேரவேண்டும், எது வேண்டாம் என்பதை அவருடைய புலமையே தீர்மானித்தது. பின்னர், பெரியசாமித் தூரனை முதன்மைப் பதிப்பாசிரியராகக் கொண்டு சென்னையில் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்த கலைக்களஞ்சியத்துக்கு ஓர் ஆசிரியர் குழு இருந்தது. அச்சடிக்கும் தாளுக்கும் ஓர் அளவு இருந்தது. 2003ஆம் ஆண்டிலே தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவுக்கோ தாட் பஞ்சமில்லை. அதன் தொடக்க காலத்திலேயே பெரும்பணி செய்தவர் இலங்கையரான இ. மயூரநாதன் என்பதும் எமக்குப் பெருமையே. இடம் தாராளமாக இருக்கும்போது தந்தையாருக்கு ஒரு பக்கம் ஒதுக்கினால் என்ன?

“இடமிருக்கிறது அம்மா, ஆனால் யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம். நாளைக்கு ஒருவர் வந்து அம்மப்பா கூத்தே ஆடவில்லை என்று மாற்றிவிட்டால், எதைக் காட்டி அதை மறுப்பது?”

அதற்கு எம்மிடம் மறுமொழி இருக்கவில்லை. அன்று மாலையே சான்று தேடப் புறப்பட்டோம். தந்தையார் தம் கையால் எழுதிய கூத்துக் கொப்பிகள் 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமமே இடம்பெயர்ந்தபோது வீட்டுப் பெட்டகத்திலே விடப்பட்டவை. நாம் திரும்பி வந்தபோது பெட்டகமும் இல்லை, கூரையும் இல்லை. கொழும்பிலுள்ள தமக்கையார் வீட்டில் எஞ்சியிருந்தவை இரண்டு புகைப்படங்களும், அந்தியேட்டிக்கு அச்சிட்ட கல்வெட்டும் மாத்திரமே. கல்வெட்டைக் கையிலெடுத்தபோது எமக்கு நம்பிக்கை பிறந்தது. இருபத்துநான்கு பக்கம்! ஆனால் வாழ்க்கை வரலாற்றை எழுதியவர் சிறிய தந்தையார், புலம்பற் பாக்களை இயற்றியவர் மைத்துனர், நன்றியுரை எம்முடையது. எல்லாம் அன்பு, எல்லாம் உறவு. மகள் ஒன்றும் சொல்லாமலே எமக்கு விளங்கிற்று.

எமது முகம் வாடியதைக் கண்டு அவள் ஒரு செய்தி கூறினாள். 2018ஆம் ஆண்டில், கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டொன்னா ஸ்ட்ரிக்லண்ட் என்னும் லேசர் விஞ்ஞானியைப் பற்றி ஆங்கில விக்கிப்பீடியாவுக்கு ஒருவர் வரைவு எழுதினார். போதிய சான்று இல்லை என்று மே மாதத்தில் அது நிராகரிக்கப்பட்டது. அவ்வாண்டு ஒக்டோபர் 2ஆந் தேதி அவ்வம்மையாருக்கு இயற்பியல் நொபெல் பரிசு அறிவிக்கப்பட்டது! மேரி கியூரி, மரியா கோப்பெர்ட் மேயர் ஆகியோருக்குப் பின் அப்பரிசைப் பெற்ற மூன்றாவது பெண்மணி அவர். அவருடைய கட்டுரையும் அன்றே தோன்றிவிட்டது. மே மாதத்திலும் அவர் அதே விஞ்ஞானிதானே? எழுதவேண்டியவர்கள் அதுவரை எழுதவில்லை, அவ்வளவே.

உண்மையைச் சொல்லிவிடுகிறோம்: அப்போது எமக்கு ஒரு குறுக்கு வழி தோன்றிற்று. இந்தப் பகுதிக்குத் தந்தையாரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினால் அதுவே சான்றாகிவிடுமன்றோ? மகள் சிரித்தாள். “நீங்கள் அவருடைய மகள்” என்றாள். ஆகையாற்றான் இங்கே அவர் பெயரையும் ஊரையும் எழுதாமல் விடுகிறோம்.

இறுதியில், கட்டுரை இப்போது வேண்டாம் என்று நாமே தீர்மானித்தோம். கல்வெட்டை நூலகம் நிறுவனத்தின் மின்னூலகத்துக்குக் கொடுப்பது, தந்தையாரோடு ஆடியவர்களின் நினைவுகளைப் பதிவு செய்வது, நாடகத்துறையில் ஆராயும் எவரேனும் கேட்டால் அவற்றை ஒப்படைப்பது என முடிவாயிற்று. அவர்கள் தந்தையாரைப் பற்றி என்ன எழுதுவார்களோ நாம் அறியோம். குறைகளையும் எழுதக்கூடும். எழுதட்டும். வாசகர் வீடுகளிலும் அலுமாரிக்கு மேலே பழைய கல்வெட்டுகளும் கொப்பிகளும் கிடக்கலாம். கறையான் முந்துமுன் அவற்றை எடுத்துப் பாருங்கள்.

தந்தையாரோடு ஆடியவர்களுள் இன்று இருப்பவர் இருவரே. மாரியம்மன் வேடமிட்டு ஆடிய பெரியவரிடம் சென்ற வாரம் போனோம். வயது எண்பத்துநான்கு. மகள் கைத்தொலைபேசியை அருகில் வைத்தாள். அவர் தொடையிலே தாளம் போட்டுப் பாடத் தொடங்கினார். மூன்றாம் பாட்டின் நடுவிலே நின்றுவிட்டார். மீண்டும் தொடங்கினார், அதே இடத்தில் நின்றார்.

“அடுத்த அடி அண்ணாவியாருக்குத்தான் தெரியும், பிள்ளை” என்றார்.

வரும் ஞாயிற்றுக்கிழமை மற்றவரிடம் போகிறோம்.