கிழமை தமிழான இரவு

இந்திய எழுத்துகளைக் கணினித் திரைக்குக் கொண்டுவந்த ஜிஸ்ட் தொழில்நுட்பத்தை வளர்த்தெடுத்த சி-டாக் நிறுவனம் 1988-இல் தொடங்கப்பட்டது புனேயில்தான். அந்நகரின் விடுதி அறையொன்றில், மொழியியல் பயிலும் தமிழ் மாணவர் ஒருவர் ரெயின்மீட்டர் மென்பொருளைக் கொண்டு தம் கணினித் திரைக்குக் கடிகார ஸ்கின் ஒன்றை வடிவமைக்கப் பழகிக்கொண்டிருந்தார்.

அடிப்படை எளிதாகவே பிடிபட்டது. 'மெஷர்' நேரத்தை அறிகிறது. 'மீட்டர்' அதைத் திரையில் காட்டுகிறது. பொருளும் சொல்லும் போல இரண்டும் தனித்தனி. ஒன்றை மற்றொன்றுடன் பெயர் சுட்டி இணைக்க வேண்டும்.

சிக்கல் தமிழில் தொடங்கியது. மேலே 'இன்று' என்று எழுதினார். பொருளற்ற குறிகள் தோன்றின. எழுத்துருவை நான்குமுறை மாற்றியும் பயனில்லை. பிழை, கோப்பைச் சேமித்த குறிமுறையில் இருந்தது. யூடிஎஃப்-16 எல்ஈ முறையில் சேமித்ததும் 'இன்று' தெளிந்தது.

கிழமை மட்டும் ஆங்கிலத்திலேயே நின்றது. மொழியைக் குறிப்பிடாவிட்டால் ரெயின்மீட்டர் நாள்களை ஆங்கிலத்தில்தான் பெயரிடும். 'ஃபார்மட்லோகேல்' என்னும் ஒரே வரியில் தமிழைக் குறித்தார்; கிழமை தமிழானது.

தமிழை அங்கு எவரும் தடுத்திருக்கவில்லை. கேட்பார் இல்லாத இருக்கையில் ஆங்கிலம் அமர்ந்திருந்தது. மொழிக்கொள்கை அரசாணைகளில் மட்டுமா எழுதப்படுகிறது? நிரப்பப்படாத இத்தகைய வரிகளிலும் அது உறைந்திருக்கிறது.