உப்புப் பூத்த சுவர்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் வந்த வெள்ளம் வடிந்து ஒரு மாதம் இருக்கும். தாமிரபரணிக் கரையில் இருக்கும் சிந்துபூந்துறையில் ஒரு பழைய வீட்டுக்குப் பூச்சு வேலைக்குக் கூப்பிட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் கொட்டிய மழையின் வெள்ளம் அது. தாமிரபரணி அந்த வீட்டு நடுக்கூடத்தில் நெஞ்சளவுக்கு நின்றுவிட்டுப் போயிருந்தது. சுவரில் வண்டல் கோடு. அதற்குக் கீழே, தண்ணீர் இறங்க இறங்க எங்கெல்லாம் சற்றுத் தங்கியதோ அங்கெல்லாம் ஒரு மெல்லிய வரி. செம்மண் நிறம், சாம்பல், மறுபடி செம்மண். கோட்டுக்கு மேலே ஒரு சாண் வரை ஓதம் ஏறி, அந்த விளிம்பில் உப்புப் பூத்திருந்தது.

உப்புப் பூப்பதைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். அதுவும் காலை வெயில் ஜன்னல் கம்பி வழியாகச் சாய்ந்து விழும் நேரத்தில். தூரத்தில் வெறும் வெள்ளைப் பொடி. ஒரு சாண் தூரத்தில் இலவம்பஞ்சு. இன்னும் நெருங்கினால் ஒவ்வொன்றும் மயிரிழை ஊசி, ஒரே பக்கமாகச் சாய்ந்து, நம் மூச்சுக்கே ஆடும். ஈரம் சுவருக்குள் கிடக்கும் உப்பைக் கரைத்து வெளியே கொண்டுவருகிறது. தண்ணீர் காற்றில் போய்விட, உப்பு மட்டும் நின்று ஊசியாக வளர்கிறது. முப்பது வருடமாக இதைக் கம்பித் தூரிகையால் தேய்த்துத் தள்ளியவன் நான். அன்றைக்குக் கை வரவில்லை.

வீட்டு ஆச்சி பின்னால் வந்து நின்றார்கள். “கொத்தனாரே, அந்தக் கோட்ட மட்டும் அழிச்சிராதய்யா. ஆறு வந்துட்டுப் போன தடம்லா.”

குறுக்குத்துறை முருகன் கோயில் தாமிரபரணி ஆற்றுக்குள்ளேயே இருக்கிறது. பெருவெள்ளம் வந்தால் முங்கும், வடிந்தால் எழும். அங்கே தூணில் படிந்த வண்டலைப் பார்த்து யாரும் முகம் சுளித்ததில்லை. வீட்டுச் சுவரில் மட்டும் அது ஏன் அசிங்கமாகிவிடுகிறது?

சுவரைப் பார்க்கத்தான் நான் முதலில் கற்றேன். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த மேஸ்திரி முதல் நாள் கரண்டியைக் கையில் தரவில்லை. சுவரில் தண்ணீர் அடிக்கச் சொல்லி, எந்த இடம் கடைசியாகக் காய்கிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கச் சொன்னார். கல்லிடைக்குறிச்சி வீடு ஒன்றில் அரை நாள் அப்படி உட்கார்ந்திருந்தேன். வெள்ளை உரிந்த இடத்தின் விளிம்பில் அடுக்கடுக்காகத் தெரிந்தது: நீலம் கலந்த வெள்ளை, கிளிப்பச்சை, மஞ்சள், மறுபடி நீலம். பொங்கலுக்குப் பொங்கல் அடித்த வெள்ளை. விரல் நகத்தின் கனத்தில் எத்தனையோ தை மாதங்கள்!

சிப்பிச் சுண்ணாம்பைக் கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டித் தண்ணீரும் விட்டு அரைத்துப் பூசிய சுவர் அது. அதில் மயிரிழை வெடிப்பு விட்டால் மழைத்தண்ணீர் உள்ளே இருக்கும் சுண்ணாம்பைக் கொஞ்சம் கரைத்து அந்த வெடிப்பிலேயே கொண்டுவந்து வைக்கும். அது காற்றுப்பட்டு இறுகி, வெடிப்பு வெள்ளை நரம்பு மாதிரி மூடிக்கொள்ளும். அந்த நரம்பை எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்காது.

இப்படிப்பட்ட சுவரின் மேல் சிமெண்ட் பூசிவிடுகிறார்களே, அதுதான் எனக்குத் தாங்காது. ஈரத்துக்கு வெளியேற வழியில்லாமல் போகிறது. ஊசியாகப் பூக்க வேண்டிய உப்பு பூச்சுக்குப் பின்னாலேயே வளர்ந்து, செங்கலைப் பொடியாக்கிவிடுகிறது. தட்டிப் பார்த்தால் பொத்துப் பொத்தென்று சத்தம். ஒருநாள் பாளம் பாளமாக விழும்.

எல்லாச் சிதைவையும் நான் ரசிப்பதில்லை. கான்கிரீட் தட்டில் கம்பி துருவேறி உப்பிக் காரை தொங்கினால், முதல் வேலையாகக் கீழே இருப்பவர்களை வெளியே வரச் சொல்வேன். வெடிப்பின் குறுக்கே சிமெண்ட் பொட்டு வைத்துத் தேதி எழுதிவிட்டு வருவேன். பொட்டு பிளந்தால் வெடிப்பு இன்னும் நகர்கிறது என்று அர்த்தம். அப்படிப்பட்ட வீட்டில் அழகு பேச எனக்கு வாய் வராது.

சிந்துபூந்துறை வீட்டில் மூன்று பக்கமும் சுண்ணாம்புக் காரை பூசினேன். நடுக்கூடத்துச் சுவரில் நாலடி அகலத்துக்குக் கோட்டோடு அப்படியே விட்டேன். நனைக்காமல், உலர்ந்த தூரிகையால் மட்டும் உப்பைத் தட்டிவிடும்படி ஆச்சியிடம் சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த மார்கழியில் போனபோது திரும்பவும் பூத்திருந்தது. முன்னைவிடக் குறைவு. “வாசல்ல கோலம் போட்டுட்டு வந்து இதத்தான் பாக்கேன்” என்றார்கள்.