கேளாமற்போன கேள்வி

நம் சங்கத்து ஆண்டு மலருக்கு ஏதேனும் எழுதித் தருக என்று செயலாளர் நண்பர் கேட்டபோது நான் மிகவும் தயங்கினேன். இலக்கியம் எழுதும் ஆற்றல் எனக்கு இல்லை. படிக்கும் பாடத்தைப் பற்றி எழுதினாலோ யாரும் படிக்க மாட்டார்கள். "அப்படியானால் நீ தோற்ற கதையை எழுது, எல்லாரும் படிப்பார்கள்" என்றார் அவர். அவர் வேடிக்கையாகச் சொன்னதை நான் மெய்யாகவே எடுத்துக்கொண்டேன்.

நான் பயில்வது பயனர் அனுபவ வடிவமைப்பு. ஒரு கருவியையோ, கைப்பேசித் திரையையோ, ஓர் அலுவலக நடைமுறையையோ நாடி வருகிறவர் திகைக்காமல் தம் காரியத்தை முடித்துக்கொண்டு போகும்படி அமைத்துத் தருவதே இக்கலை. 1990-களின் தொடக்கத்தில் ஆப்பிள் நிறுவனத்தில் பணியாற்றிய டான் நார்மன் என்னும் அறிஞரால் இப்பெயர் பரவிற்று. பெயர்தான் புதிது, பொருள் பழையது. தண்ணீர் இறைப்பவளின் தோள்வலியை எண்ணிக் கிணற்றில் ராட்டினம் மாட்டியவனும் இதைத்தானே செய்தான்!

எங்கள் வகுப்பில் நாள்தோறும் அடிபடும் சொல் ஒன்று உண்டு: ‘ஸ்டேக்ஹோல்டர்’. ஒரு வேலையால் நன்மையோ தீமையோ அடையக்கூடிய அனைவரையும் அச்சொல் குறிக்கும். ‘உரியவர்கள்’ என்று நான் தமிழில் சொல்லிக்கொள்வேன். பணம் தருபவர், ஆணை இடுபவர், அன்றாடம் வேலையை நடத்துபவர், அதனால் பயன் பெறுபவர் ஆகிய எல்லாரும் உரியவர்களே. வேலையைத் தொடங்குமுன் இவர்கள் அனைவரையும் கேட்க வேண்டும் என்று தேர்வில் எழுதி நல்ல மதிப்பெண்ணும் பெற்றிருந்தேன்.

சென்ற குளிர்காலத்தில், தில்லியிலுள்ள பெரிய மருத்துவமனை ஒன்றில் எங்கள் குழுவினர் நால்வர்க்கும் பயிற்சி வேலை கிட்டிற்று. அதன் பெயர் இங்கு வேண்டா. விடியுமுன்பே பனிமூட்டத்தில் கம்பளியைப் போர்த்துக்கொண்டு நூற்றுக்கணக்கானவர் அங்கே வரிசையில் நிற்பார்கள். அவர்கள் காத்திருப்பது மருத்துவருக்காக அன்று. ‘பர்ச்சி’ என்று இவ்வூரில் வழங்கும் பதிவுச் சீட்டுக்காக. 2022 அக்டோபரில் இந்நகரத்து லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், கைப்பேசியால் ஒரு குறியைப் படம்பிடித்து எளிதில் பதிவு செய்துகொள்ளும் முறை தொடங்கப்பட்டது. கைப்பேசி உடையவர்க்கு அது நல்ல வசதி. அஃது இல்லாதவர்க்கு விரலால் தொட்டால் சீட்டுத் தரும் திரை ஒன்றை அமைக்கலாம் என்பது எங்கள் எண்ணம்.

மாடியில் இருந்த கண்காணிப்பாளர் அறையில் ஐந்து முறை கூடினோம். தேநீரும் பிஸ்கட்டும் தவறாமல் வந்தன. நாள்தோறும் எத்தனை பேர் வந்தனர் என்ற கணக்கு வேண்டும் என்றார் கண்காணிப்பாளர். நோயாளியைத் திரும்ப அழைக்கத் தொலைபேசி எண் கட்டாயம் வேண்டும் என்றனர் மருத்துவர்கள். தங்கள் சின்னம் முகப்பில் தெரிய வேண்டும் என்றனர் திரை வாங்கப் பொருளுதவி செய்தவர்கள். எல்லார் விருப்பத்தையும் திரையில் ஏற்றினோம். கடைசிக் கூட்டத்தில் கைதட்டினார்கள். ஊருக்குத் தொலைபேசியில் பேசியபோது அதையும் மறவாமல் சொன்னேன்.

சோதனை நாள் வந்தது. திரைக்கு முன் வந்தவர்கள் ஓரிரு முறை தொட்டுப் பார்த்துவிட்டுப் பழைய ஜன்னல் வரிசைக்கே திரும்பினார்கள். அப்போது ஓர் அம்மையார் நாங்கள் பேசுவதைக் கேட்டு என்னருகில் வந்தார். விழுப்புரம் பக்கத்தவர், இங்கே வீட்டுவேலை செய்பவர்.

"நீ தமிழா தம்பி? இந்தப் பொட்டி என்னமோ கேக்குது. என்னான்னு தெரியல."

"போன் நம்பர் கேட்கிறது அம்மா."

"எனக்கு ஏதுப்பா போனு? வேலை செய்யற வீட்டம்மா நம்பரு இருக்குது. அதைக் குடுத்தா, நான் ஆஸ்பத்திரிக்கு வந்தது அவங்களுக்குத் தெரிஞ்சிடுமே. ஒடம்பு சரியில்லாதவ வேணாம்னு நிறுத்திப்புடுவாங்க."

கைப்பேசி இல்லாதவர்க்கென்று நாங்கள் அமைத்த திரையில் முதற் கேள்வியே கைப்பேசி எண்! அவர் ஜன்னல் வரிசையின் கடைசியில் போய் நின்றார். அவர் முறை வருமுன் சீட்டு நேரம் முடிந்துவிட்டது. "இன்னிக்குச் சம்பளமும் போச்சு, சீட்டும் போச்சு. நீ என்ன தம்பி பண்ணுவே" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பெட்டியைச் செய்தவர்களில் நானும் ஒருவன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஜன்னலுக்குப் பின்னால் இருந்த எழுத்தர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். பிற்பகலில் என்னை அழைத்துத் தம் தேநீரில் பாதியை ஊற்றித் தந்தார். "முப்பது வருஷமாக இந்த ஜன்னலில் இருக்கிறேன், பேட்டா. நீங்கள் ஐந்து முறை மாடிக்குப் போய் வந்தீர்கள். மாடிப்படி என் ஜன்னலை ஒட்டித்தான் இருக்கிறது" என்று இந்தியில் சொன்னார். அதில் கோபம் இல்லை. அதனால்தான் அது இன்னும் சுடுகிறது.

மறுநாள் ஆசிரியரிடம் நடந்ததைக் கூறினேன். அவர் கடிந்துகொள்ளவில்லை, ஹவுஸ் காஸிலுள்ள ஐ.ஐ.டி.யில் உருவான ஒரு கோலின் கதையைச் சொன்னார். கண் பார்வையற்றோர் ஏந்தும் வெள்ளைக்கோல் தரையில் உள்ள தடையைக் காட்டும். முழங்காலுக்கு மேலே உள்ளதைக் காட்டாது. தாழ்ந்த மரக்கிளையும், திறந்து கிடக்கும் ஜன்னற் கதவும், நிற்கும் லாரியின் பின்புறமும் முகத்தில் மோதிய பிறகே தெரியும். கேளா ஒலியால் அத்தடைகளை அறிந்து, பிடித்த கைக்கு அதிர்வால் உணர்த்தும் கருவி ஒன்றைப் பேராசிரியர் மா. பாலகிருஷ்ணனின் வழிகாட்டலில் மாணவர்கள் தொடங்கினார்கள். ‘ஸ்மார்ட்கேன்’ என்பது அதன் பெயர். கண் பார்வையற்றோர்க்காகப் பணிபுரியும் ‘சக்ஷம்’ என்ற தில்லி அமைப்பு அவர்களோடு சேர்ந்தது. பார்வையற்றோரே கோலை ஏந்தி நடந்து பார்த்துக் குறை சொன்னார்கள். இங்கிலாந்தின் வெல்கம் அறக்கட்டளை பொருளுதவி செய்தது. நம் சென்னையின் பீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ் நிறுவனம் அதைச் செய்து தர முன்வந்தது. 2014-இல்தான் கருவி மக்கள் கைக்கு வந்தது. மாணவர் திட்டமாகத் தொடங்கிய காலம் முதல் எண்ணினால் ஏறத்தாழ பத்து ஆண்டுகள்! "அந்தப் பத்து ஆண்டிலும் பயன்படுத்துகிறவர் கூடவே இருந்தார். உங்கள் ஐந்து கூட்டத்தில் அவர் ஒரு முறையாவது இருந்தாரா?" என்று ஆசிரியர் வினவினார்.

அதன் பிறகு மூன்று காலைப்பொழுதுகள் எழுத்தருக்குப் பின்னால் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தேன். எந்தத் துறைக்குப் போக வேண்டும் என்று நோயாளிக்குத் தெரியாது; "முழங்கால் வலி" என்பார். "விழுந்தாயா, பழைய வலியா?" என்று கேட்டு எழுத்தர் முடிவு செய்வார். வயது தெரியாதவரிடம் மூத்த பிள்ளையின் வயதைக் கேட்பார். நிற்க முடியாத முதியவரை வரிசையிலிருந்து அழைத்து உள்ளே அனுப்புவார். இவற்றுள் ஒன்றேனும் எங்கள் திரைக்குத் தெரியாது.

திரையை மாற்றினோம். துறைப் பெயர்களுக்குப் பதில் மனித உடலின் படம் வந்தது; வலிக்கும் இடத்தைத் தொட்டால் போதும். திரையை ஜன்னலுக்குப் பக்கத்திலேயே வைத்தோம்; திகைப்பவர் எழுத்தரைக் கேட்கலாம். தொலைபேசி எண்ணைக் கட்டாயமாக்கக் கூடாது என்றபோது மருத்துவர்கள் ஒப்பவில்லை. காசநோய் போன்றவற்றில் நோயாளியைத் தேடிப் பிடிக்க வேண்டும் என்ற அவர்கள் கவலையும் நியாயமே. முடிவில் எழுத்தரே வழி சொன்னார்: எண் இருந்தால் அது யாருடையது, அதில் அழைக்கலாமா என்று ஜன்னலில் கேட்டுக் குறித்துக்கொள்வது. அன்று அவரும் மாடி அறையில் எங்களுடன் உட்கார்ந்திருந்தார்.

வரிசை மாயமாய் மறைந்துவிடவில்லை; ஓரளவு குறைந்தது. அந்த விழுப்புரத்து அம்மையாரை நான் மீண்டும் காணவில்லை. அவர் இழந்த ஒரு நாட்கூலியே எனக்குப் பாடமாயிற்று.

நண்பர்களே, நம்மில் பலர் நாளை அலுவலராகவும் பொறியாளராகவும் மேசைக்கு அப்பால் அமரப் போகிறோம். மேசைக்கு வந்தவர் குரல் நமக்குத் தானே கேட்கும். வராதவர் குரலை நாம்தான் தேடிப் போக வேண்டும். மாடிப்படி ஏறுமுன், கீழே ஒரு ஜன்னல் இருக்கிறதா என்று சற்று நின்று பாருங்கள்.